சளி மாதிரியைப் புதுவைக்கு அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா?

கொள்ளைநோய் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெரிந்த நாளில், கடலூர் மாவட்டத்து வட்ட மருத்துவமனை ஆனாலும் புதுச்சேரியில் ஐம்பது படுக்கையோடு நடக்கும் தனியார் மருத்துவமனை ஆனாலும், பொறுப்பில் இருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கும். மூக்குச்சளி மாதிரியை எடுத்து, வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள விடிஎம் குழாயில் போட்டு, ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்டி-பிசிஆருக்கு அனுப்பலாம். அதே மரபணுச் சோதனையைச் சிறிய அளவில் செய்யும் ட்ரூநாட் கருவி வைத்து அங்கேயே பார்க்கலாம். வைரஸின் புரதத்தைக் காட்டும் ஆன்டிஜென் அட்டையில் கால் மணி நேரத்தில் பார்க்கலாம். ஆட்கள் அதிகம், நோய் குறைவு என்றால் ஐந்து பேர் மாதிரியை ஒன்றாகக் கலந்து பூல் முறையில் பார்க்கலாம். கோவிட் காலத்தில் நம் நாட்டில் இந்த நான்குமே புழங்கின. அடுத்து வருகிற சுவாசத்தொற்றுக்கும் வழிகள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

எது துல்லியமானது என்று கேட்டால் ஆர்டி-பிசிஆர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்கிறவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள். பிரசவ வலியோடு வந்து நிற்கும் பெண்ணை எந்த அறையில் சேர்ப்பது என்பது இரண்டு மணி நேரத்துக்குள் முடிவாக வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு இன்று மாலைக்குள் தெரிய வேண்டும். 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து கடலூர் மாவட்டத்துக்குக் கூட்டமாகத் திரும்பிய தொழிலாளர்களைப் போன்ற குழுவுக்கு, அவர்களைத் தனியாகத் தங்க வைத்திருக்கும்வரை ஒரு நாள் பொறுக்கலாம். ஒரு கிராமத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்க மூன்று நாள் ஆனாலும் பாதகமில்லை. ஆகவே, முடிவு வந்ததும் என்ன செய்யப் போகிறோம், அதை எத்தனை மணிக்குள் செய்தாக வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பரிசோதனை என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். புதிய வைரஸ் என்றால் முதல் சில மாதங்களுக்கு இந்த நான்கும் கையில் இருக்காது. கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வெளியானது. சில நாட்களிலேயே ஆர்டி-பிசிஆர் முறை வந்துவிட்டது. ட்ரூநாட்டை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) முதற்கட்டச் சோதனைக்கு ஏப்ரலில் ஏற்றது, உறுதி செய்யும் சோதனையாக மே மாதத்தில்தான் ஏற்றது. முதல் ஆன்டிஜென் அட்டைக்கு அனுமதி கிடைத்தது ஜூன் நடுவில். தொடக்க மாதங்களில் ‘அனுப்பி வைப்பது’ ஒன்றுதான் வழி. அதனால், பிறகு என்ன கருவி வாங்கினாலும், மாதிரி அனுப்பும் பாதை மட்டும் எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும்.

ஆர்டி-பிசிஆருக்கு அனுப்புவது

இந்தப் பகுதிக்கு இருக்கும் பெரிய பலம் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர். அங்கே மண்டல அளவிலான வைரஸ் ஆய்வகம் இருக்கிறது. கடலூர் நகரத்திலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். ஆனால் திட்டக்குடியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இந்த வித்தியாசம்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கிறது.

ஆய்வகத்துக்குள் ஆகும் நேரம் நான்கிலிருந்து ஆறு மணி. வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க ஒன்றிலிருந்து இரண்டு மணி, கருவியில் அதைப் பெருக்கும் நாற்பது சுழற்சி ஓட ஒன்றரை மணி அளவு, மீதி பதிவும் சரிபார்ப்பும். அப்படியிருக்க ரிப்போர்ட் வர ஏன் இரண்டு நாள் ஆகிறது? காலையில் எடுத்த மாதிரி வண்டிக்காக மாலைவரை காத்திருக்கிறது. ஆய்வகத்தில் இறங்கியதும் தட்டு நிறையும்வரை காத்திருக்கிறது. ஒரு தட்டில் 96 குழிகள். ஒன்று பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கும் ஒன்று நெகட்டிவ் கன்ட்ரோலுக்கும் (முடிவு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்) போக 94 பேருக்கு இடம். கன்ட்ரோல் ஒன்று தவறினாலும் அந்த 94 பேரின் முடிவையும் வெளியிட முடியாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அனுப்பும் இடத்தில் இருப்பவரால் ஆய்வகத்தின் நேரத்தைக் குறைக்க முடியாது. தன் பக்கத்துக் காத்திருப்பைக் குறைக்க முடியும். மாலையில் ஒரே வண்டி என்பதற்குப் பதிலாகக் காலை பதினொன்றுக்கு ஒன்று, மாலை நான்குக்கு ஒன்று என்று வைத்தாலே காலையில் வந்த நோயாளிகளுக்கு அரை நாள் மிச்சமாகும்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கெடுகிறது. ஸ்வாப் குச்சி பாலியஸ்டர் அல்லது நைலான் நுனியோடு இருக்க வேண்டும். பஞ்சு நுனியும் மரக்குச்சியும் பிசிஆர் வினையைக் கெடுக்கும். மூக்கில் விடும்போது மேல்நோக்கிக் குத்தக் கூடாது. மூக்கின் தரையை ஒட்டி, காதை நோக்கிக் கிடையாகப் போக வேண்டும். நாசித் துளைக்கும் காதுக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் போய், தடை தட்டியதும் சில நொடி அங்கேயே நிறுத்தி, சுழற்றியபடி வெளியே எடுக்க வேண்டும். நோயாளி கண்ணில் நீர் வரும். மூக்கு நுனியில் மட்டும் சுற்றி எடுத்தால் அவருக்கும் சுகம், எடுப்பவருக்கும் சுகம். ஆனால் வைரஸ் குச்சியில் ஏறாது. எத்தனை லட்ச ரூபாய்க் கருவியாலும் அதைப் பிறகு ஈடுகட்ட முடியாது.

குழாயில் 2 முதல் 3 மில்லி விடிஎம் இருக்கும், வெளிர் ரோஜா நிறத்தில். மஞ்சளாக மாறியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ கிருமி வளர்ந்துவிட்டது என்று பொருள். அதைப் பயன்படுத்தக் கூடாது. குச்சியை அடையாளக் கோட்டில் உடைக்க வேண்டும். நீளமாக விட்டு மூடியைத் திருகினால் மூடி முழுதும் இறங்காது; வழியில் கசியும்; பெட்டியில் இருக்கும் பக்கத்துக் குழாய்களும் சேர்ந்து நிராகரிக்கப்படும். பெயரையும் எண்ணையும் குழாயின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். பால்பாயின்ட் மை ஐஸ் பேக்கின் ஈரத்தில் அழிந்துபோகும், அழியாத மார்க்கர் வேண்டும். எடுத்த நிமிடத்திலிருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் ஐந்து நாள் தாங்கும், அதற்கு மேல் வைப்பதானால் மைனஸ் 70 வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மேசைமேல் வரிசையாக நிற்கும் குழாய்கள் வண்டி வருவதற்குள்ளேயே வீணாகத் தொடங்கிவிடும். தடுப்பூசிப் பெட்டியை இதற்கு எடுக்கவே கூடாது, தனிப் பெட்டி ஒதுக்குங்கள்.

சிடி மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது எத்தனையாவது சுழற்சியில் வைரஸ் தென்பட்டது என்ற எண்; எண் குறைந்தால் வைரஸ் அதிகம். 3.3 சுழற்சி வித்தியாசம் என்றால் வைரஸ் அளவில் சுமார் பத்து மடங்கு. 2021-இல் ஐசிஎம்ஆர் 35-க்குக் கீழே என்றால் பாசிட்டிவ் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் ஓர் ஆய்வகத்தின் 28-ஐயும் இன்னோர் ஆய்வகத்தின் 24-ஐயும் வைத்து நோய் கூடியது குறைந்தது என்று சொல்ல முடியாது. கிட் வேறு, மாதிரி எடுத்த கை வேறு. கிட்டில் குறைந்தது இரண்டு மரபணு இலக்குகளும், மனித மாதிரிதான் என்று காட்டும் ஆர்என்ஏஸ்-பி போன்ற உள்கட்டுப்பாடும் இருக்க வேண்டும். ஒமிக்ரான் வந்தபோது சில கிட்களில் எஸ் மரபணு தெரியாமலே போனது. மற்ற இலக்குகள் இருந்ததால்தான் நோயாளிகள் சோதனையில் தவறிப்போகவில்லை. உள்கட்டுப்பாடு வராமல் ‘நெகட்டிவ்’ என்று வருவதை நெகட்டிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மாதிரியே சரியாக ஏறவில்லை என்று பொருள்.

புதுவைக்கு அனுப்பும்போது எல்லை ஒரு சிக்கல். பாகூர்ப் பக்கம் புதுச்சேரி ஊர்களும் கடலூர் மாவட்டத்து ஊர்களும் பின்னிக்கிடக்கின்றன. படிவத்தில் ‘பாகூர் அருகில்’ என்று மட்டும் எழுதினால், பாசிட்டிவ் செய்தி எந்த நிர்வாகத்துக்குப் போக வேண்டும் என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். கிராமம், ஊராட்சி அல்லது புதுவைப் பக்கத்துக் கொம்யூன், மாவட்டம், வேலை செய்யும் கைபேசி எண் ஆகிய நான்கும் இல்லாமல் படிவத்தை அனுப்பாதீர்கள். கைபேசி எண்ணை அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

ஆன்டிஜென் அட்டை

வேகத்தில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. குளிர்சாதனம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால் 2020 ஜூனில் அனுமதித்தபோது ஐசிஎம்ஆர் சொன்ன எண்களைப் பாருங்கள்: நோய் இருப்பவர்களில் கண்டுபிடிப்பது 50.6 முதல் 84 சதவீதம். நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வது 99.3 முதல் 100 சதவீதம். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நம்ப முடியாது என்பதே இதன் சாரம். எவ்வளவு நம்பலாம் என்பது ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நோயுள்ள நூறு பேரில் அறுபது பேரைப் பிடிக்கும், நோயில்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகக் காட்டும் அட்டை ஒன்றை வைத்துக்கொள்வோம். காய்ச்சல் முகாமில் ஆயிரம் பேர், அவர்களில் இருநூறு பேருக்கு நோய். அட்டை 120 பேரைக் காட்டும், 80 பேரை விட்டுவிடும், தவறாகக் காட்டுவது நான்கு பேரை. இங்கே பாசிட்டிவை வைத்து உடனே தனிமைப்படுத்தலாம். ஆனால் நெகட்டிவ் சீட்டோடு வீட்டுக்குப் போகும் 876 பேரில் 80 பேர் நோயைக் கொண்டுபோகிறார்கள். இதே அட்டையை அறிகுறியே இல்லாத ஆயிரம் தொழிற்சாலை ஊழியர்களிடம் போட்டுப் பாருங்கள், அவர்களில் ஐந்து பேருக்குத்தான் நோய். உண்மையான பாசிட்டிவ் மூன்று, பொய்யான பாசிட்டிவ் ஐந்து. எட்டுப் பேரைத் தனிமைப்படுத்தினால் ஐந்து பேர் வீணாக வேலையிழக்கிறார்கள். கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் நோய் குறைவாக இருக்கும்போது வாரந்தோறும் அட்டை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் இந்தக் கணக்குதான்.

அறிகுறி இருந்து அட்டை நெகட்டிவ் என்றால் கட்டாயம் ஆர்டி-பிசிஆர் என்பது அப்போதைய விதி. விதி நல்லது, நடைமுறையில் உடைந்தது. “நாளைக்கு வாங்க, இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்” என்றால் கூலி வேலைக்காரர் திரும்ப வரமாட்டார். அதனால் அறிகுறியோடு வருபவரிடம் ஒரே உட்காரலில் இரண்டு குச்சி எடுங்கள். ஒன்று அட்டைக்கு, ஒன்று விடிஎம் குழாய்க்கு. அட்டை பாசிட்டிவ் என்றால் விடிஎம் குழாயை உரிய முறையில் அழித்துவிடலாம். நெகட்டிவ் என்றால் அதே குழாய் அடுத்த வண்டியில் போகும். ஒரு குழாய் வீணாகும் செலவு, ஓர் ஆள் தவறிப்போகும் செலவைவிடக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையம் எதற்கும் நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இதுதான்.

அட்டையில் கெடுவது எங்கே? உறை 2 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்தில் ஜீப்பின் பின்பக்கம் அதைத் தாண்டிவிடும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் உறையைப் பிரித்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடக் கூடாது. ஆள் உட்கார்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். குச்சியைக் கரைசலில் சுழற்றி, வெளியே எடுக்கும்போது குழாயின் இரு பக்கமும் அழுத்திப் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் பாதி மாதிரி குச்சியிலேயே தங்கிவிடும். சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள். கடிகாரம் வைத்து 15 நிமிடத்தில் பாருங்கள்; 30 நிமிடத்துக்கு மேல் தெரியும் கோட்டுக்கு மதிப்பில்லை. நாற்பது அட்டைகளை மேசையில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனால் பொய்யான கோடுகள் வந்து நிற்கும். ஒவ்வோர் அட்டையின் முனையிலும் சொட்டு விட்ட நேரத்தை எழுதினால் போதும். மங்கலான கோடும் கோடுதான். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு இல்லாவிட்டால் அட்டையே செல்லாது.

ட்ரூநாட்

வட்ட மருத்துவமனை அளவுக்கு, என் கணிப்பில் இதுதான் சரியான இடைவழி. கோவாவில் தயாராகும் கருவி, பேட்டரியில் ஓடும், குளிரூட்டிய தனி அறைகள் கேட்காது. ட்ரூப்ரெப் என்ற பெட்டி சுமார் 20 நிமிடத்தில் ஆர்என்ஏவைப் பிரிக்கிறது. அதிலிருந்து 6 மைக்ரோலிட்டரை உலர்ந்த வினைப்பொருள் இருக்கும் சிறு குழாயில் விட்டு, கரைந்ததும் அங்கிருந்து 6 மைக்ரோலிட்டரைச் சிப்பில் விட வேண்டும். சிப்பைக் கருவியில் சொருகினால் நாற்பது நிமிடத்துக்குள் முடிவு. ஆக, ஆள் வந்து ஒன்றேகால் மணிக்குள் பிரசவ அறைக்குப் பதில் சொல்லிவிடலாம்.

கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. சிப் வைக்கும் ஓர் இடத்தில் எட்டு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பார்க்க முடியாது. நான்கு இடம் கொண்ட குவாட்ரோ வாங்கினால் நாற்பதுக்கு மேல் போகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒரு ட்ரூப்ரெப் மணிக்கு மூன்று மாதிரிதான் பிரிக்கும், நான்கு சிப் இடமோ மணிக்கு ஆறு கேட்கும். ட்ரூப்ரெப் இரண்டு வாங்காவிட்டால் குவாட்ரோவில் பாதி இடம் சும்மா கிடக்கும். சிப்பில் விடும்போது காற்றுக்குமிழி வந்தால் முடிவு செல்லாததாகிவிடும். பிப்பெட்டை இரண்டாவது நிறுத்தம்வரை அழுத்துவதால் வரும் தவறு அது. ஒரே ஆளுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து அவரையே உட்கார வைப்பது, ஷிப்டுக்கு ஓர் ஆள் என்று மாற்றுவதைவிட நல்லது.

மாதிரியை எடுக்கும் திரவம் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் வகை என்பதால் தொற்று அபாயம் குறைவு. அதே காரணத்தால் அந்தக் குழாயை, வைரஸை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பயன்படுத்த முடியாது. ஓர் எச்சரிக்கை, இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம்: இந்தத் திரவங்களில் குவானிடின் உப்பு இருக்கும். கொட்டிவிட்டால் பிளீச்சிங் கரைசலை ஊற்றித் துடைக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். முதலில் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் கரைசல்).

இன்னொரு விஷயம் மனதை உறுத்துவது. இந்தக் கருவிகள் பல இடங்களில் காசநோய்த் திட்டத்துக்காக வந்தவை. 2019-இல் நாட்டில் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம், 2020-இல் 18 லட்சம். நோய் குறைந்து வந்த எண் இல்லை இது, கண்டுபிடிக்காமல் விட்டவர்களும் சேர்ந்த எண். அந்த ஆண்டின் பல காரணங்களில் ஆய்வகக் கருவிகளும் ஆட்களும் கோவிட் பக்கம் திரும்பியதும் ஒன்று. கருவியை எடுத்துக்கொள்வதானால் காலை இரண்டு மணி நேரம் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு என்று முதல் நாளே ஒதுக்கிவிட வேண்டும்.

சிபிநாட் என்ற இன்னொரு மரபணுச் சோதனைக் கருவியின் கார்ட்ரிட்ஜ் (எல்லாம் உள்ளே அடங்கிய சிறு பெட்டி) முறையும் முக்கால் மணியில் முடிவு தரும், கைவேலை இன்னும் குறைவு: 300 மைக்ரோலிட்டரை ஊற்றி மூடினால் போதும். ஆனால் அறை 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, மின்சாரம் நிலையாக வேண்டும், கார்ட்ரிட்ஜ் வெளிநாட்டு வரத்து. ஏற்கெனவே கருவி இருந்தால் அவசர நோயாளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூல் முறை

நூறு பேர், ஐந்து ஐந்தாகக் கலந்தால் இருபது சோதனை. நூற்றில் இரண்டு பேருக்கு நோய் என்றால் ஏறக்குறைய இரண்டு குழுக்கள் பாசிட்டிவாகும், அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பத்து, மொத்தம் முப்பது. எழுபது கிட் மிச்சம். நூற்றில் பத்துப் பேர் என்றால் அறுபதாகிவிடும். இருபது பேர் என்றால் 87. பெரிய மிச்சமும் இல்லை, இரண்டாவது ஓட்டத்துக்காக ஒரு நாள் தாமதமும் வரும். 2020 ஏப்ரலில் ஐசிஎம்ஆர் ஐந்து மாதிரிக்கு மேல் கலக்கக் கூடாது, தொற்று விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடத்தில் செய்யலாம், 5-ஐத் தாண்டினால் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்தாகக் கலந்தால் சிடி மதிப்பு இரண்டுக்கு மேல் ஏறும். வைரஸ் குறைவாக உள்ளவர் தப்பிப்போகலாம். அறிகுறி உள்ளவரின் மாதிரியைப் பூலில் சேர்க்கவே கூடாது. முன்பு சொன்ன தொழிற்சாலை ஊழியர்களுக்கு அட்டையைவிட இதுதான் பொருந்தும்.

புயலும் டெங்குவும்

இந்தக் கடற்கரைக்கு என்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். நிவர் வந்தது கோவிட்டுக்கு நடுவில். மின்சாரம் போனால் மைனஸ் 20-இல் இருக்க வேண்டிய பிசிஆர் வினைப்பொருள்கள் முதலில் போகும். சாலை அடைபட்டால் மாதிரி வண்டி நிற்கும். அந்த நாட்களில் பேட்டரிக் கருவியும் அட்டையும் மட்டுமே வேலை செய்யும். அக்டோபர் தொடங்கும்போதே ஒரு வாரத்துக்கான சிப்பும் அட்டையும் தரைமட்டத்தில் இல்லாத அறையில் வைத்துவிட வேண்டும். புயல் பாதுகாப்பு மையத்தில் அட்டையை அறிகுறி உள்ளவருக்கு மட்டும் போடுங்கள். எல்லோருக்கும் போட்டு நெகட்டிவ் சீட்டு கொடுத்தால், முகக்கவசத்தைக் கழற்றிவிடத்தான் அது பயன்படும்.

மழை முடிந்ததும் காய்ச்சல் என்றாலே டெங்குவையும் பார்க்க வேண்டும், அதற்கு மூக்குச்சளி உதவாது, ரத்தம் வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 எலிசா, அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா. இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து நெகட்டிவ் என்று எழுதுவது வீண். எலிசாவுக்கும் 96 குழித் தட்டுதான். தட்டு நிறையும்வரை காத்திருக்கும் அதே சிக்கல். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதாமல் அனுப்பினால் ஆய்வகத்தால் எதைப் பார்ப்பது என்றே முடிவு செய்ய முடியாது.

தொடர்பில் இருந்தவர்களுக்கும் நாள் கணக்குதான். நேற்று நோயாளியைச் சந்தித்தவரை இன்று சோதித்தால் எந்த முறையிலும் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும். கோவிட்டில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒருமுறை என்று வைத்திருந்தார்கள்.

இவ்வளவையும் வைத்துத் திட்டக்குடி, காட்டுமன்னார்கோயில் போன்ற தொலைவுப் பகுதிக்கு ட்ரூநாட் முதலில், அனுப்புவது இரண்டாவது. கடலூர் நகரம், பாகூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்துக்கு ஒரு நாளில் இரண்டு வண்டி வைத்து ஆர்டி-பிசிஆர் முதலில், அவசரத்துக்கு ட்ரூநாட். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையும் இரட்டைக் குச்சியும். எதைத் தேர்ந்தாலும் நோய் இல்லாத இப்போதே ஓர் ஒத்திகை நடத்திப் பாருங்கள். வெறும் விடிஎம் குழாய் ஒன்றை, வெப்பமானியோடு, கடைசி ஊரின் சுகாதார நிலையத்திலிருந்து ஆய்வக வாசல்வரை அனுப்புங்கள். புறப்பட்ட நேரம், ஒவ்வொரு கையும் மாறிய நேரம், பெட்டியைத் திறக்கும்போது இருந்த டிகிரி ஆகியவற்றைக் குறித்து, அந்தச் சீட்டைப் பெட்டியின் மூடிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள்.